தொண்ணூறைத் தாண்டினால்

"கை நடுங்குதுன்னா டாக்டர்கிட்டப் போ. மெக்கானிக்கிட்ட ஏன் வர்ற?"

அண்ணன் இதைத் தங்கையிடம் சொன்னாலும் பார்த்தது மெக்கானிக்கை. அவன் எதைச் சொன்னாலும் பக்கத்தில் சிரிக்க ஓர் ஆள் வேண்டும். மெக்கானிக் சிரித்தான். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாருக்கும் அது ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவன் ஸ்பேனர்தான்.

"கை நடுங்கல. வண்டி நடுங்குது," என்றாள் தங்கை.

"எங்க நடுங்குது? இதோ நிக்குதே, மலை மாதிரி."

"நிக்கிறப்ப எந்த வண்டி நடுங்கும்? தொண்ணூறைத் தாண்டினா நடுங்குது. சீட்டே குதிக்குது."

"நான் தொண்ணூறுல போகலியா? தினம் காலையில போறேன். நீயும் பக்கத்துல உட்கார்ந்துதானே வர்ற? சொல்லு, அப்ப நடுங்குதா?"

அவள் இடுப்பில் சொருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஸ்பேனர் முன்னாடி சொல்லு. நான் ஓட்டும்போது நடுங்குதா, இல்லையா?"

"இல்ல."

"கேட்டுக்கிட்டியா மாப்ள? அவ வாயாலயே வந்துருச்சு."

அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை.

இருவரும் நடத்துவது சிமென்ட் கல் பட்டறை. கல் அறுப்பது ஊருக்கு வெளியே. விற்கிற கடை நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில், நகரத்துக்குள் நுழைகிற இடத்தில். காலையில் பிக்கப் வண்டி நிறையக் கல்லை அடுக்கிக்கொண்டு அண்ணன் ஓட்டுவான், தங்கை பக்கத்தில் உட்கார்ந்து போவாள். கல்லை இறக்கியதும் அவன் அங்கேயே நாற்காலி போட்டு வியாபாரத்துக்கு உட்கார்ந்துவிடுவான். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவாள். பிற்பகலில் ஊருக்குள் போகவேண்டிய சில்லறை லோடுகளையும் அவள்தான் கொண்டுபோவாள். அந்தத் தெருக்களில் முப்பதில் போனாலே பெரிய காரியம். சாயங்காலம் அண்ணன் பஸ் பிடித்து வருவான்.

பட்டறைப் பலகையில் அண்ணன் பெயர்தான் இருந்தது. வண்டி ஓட்டுகிறவரை அவள் பாதி முதலாளி. சீட்டிலிருந்து இறங்கிவிட்டால் காய்கிற கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள்களில் அவளும் ஒருத்தி. அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

ஸ்பேனர் தோளில் கிடந்த அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கை கறுப்பாகவே இருந்தது.

"இதோ பாரு தங்கச்சி. வீல் பேலன்ஸ் பண்ணிக் குடுத்தேன். ஆடுதுன்ன. முன் டயரைப் பின்னாடி மாத்தினேன். ஆடுதுன்ன. கீழ நீளமா ஓடுற ஷாஃப்ட்டுக்கு நடு பேரிங்கையே புதுசாப் போட்டேன். அப்பவும் ஆடுதுன்ன. இனிமே மாத்தறதுக்கு ஓட்டுற ஆள் மட்டும்தான் பாக்கி."

"ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

"பாக்காம சொல்வேனா? அண்ணன் காலையில இந்தப் பக்கமாப் போறப்ப நிறுத்துவான், நானே எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். வெண்ணெய் மாதிரி போகுது வண்டி."

"திரும்பி வர்றப்ப நானும்தான் எத்தனையோ தடவை நிறுத்தினேன். 'அண்ணனோட வா'ன்னு துரத்திட்டீங்க."

"பொம்பளைகிட்டப் பேசினா அது பழுது பாக்கறதா இருக்காது, பஞ்சாயத்தா இருக்கும். எனக்கு வேற வேலை இல்லையா?"

"பாத்தீங்களா, இப்பவும் பஞ்சாயத்துதான் நடக்குது. ஆட்டத்தை யாரும் பாக்கல."

அண்ணன் கையைத் தட்டினான். "போதும். மாப்ள, நீ ஏறு. கடை வரைக்கும் நீயே ஓட்டு. அவ உன் பக்கத்துல உட்காரட்டும். ஆடினா நான் வாயை மூடிக்கிறேன். ஆடலைன்னா…" அவளைப் பார்த்தான். "சாவியைக் குடுத்துடு. நாளையிலேர்ந்து ஹாரன் ஓட்டுவான்."

ஹாரன் என்பது அண்ணியின் தம்பி. பிரேக் போடவேண்டிய இடத்திலெல்லாம் ஹாரன் அடிப்பது அவன் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த இடத்தையெல்லாம் இப்படியே ஒலித்துக் காலி செய்துவிட்டு, அக்கா வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்தான்.

"ஓஹோ. இதுதான் சங்கதியா?"

"என்ன சங்கதி? ஆம்பளப் பையன். பயமில்லாம ஓட்டுவான்."

"பயமில்லாமத்தான் ஓட்டுவான். பயமெல்லாம் ரோட்டுல போறவங்களுக்கு."

"ஏறுடி."

அவள் நடுவில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் கிரீஸ் வாடை, அந்தப் பக்கம் அண்ணனின் முழங்கை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்பேனர் வண்டியை விரட்டினான். எழுபது. எண்பது. அவள் தரையில் இரண்டு பாதத்தையும் அழுத்தி ஊன்றிக் காத்திருந்தாள். தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. பின்னால் கல் அசையாமல் கிடந்தது. தரை அசையவில்லை. சீட் அசையவில்லை.

"ஆடுதா?" என்றான் அண்ணன்.

அவள் சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காது கேக்கலியா? ஆடுதா?"

அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, மூடியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டின் மேல் வைத்தான். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"நல்லாப் பாத்துக்கோ. ஒரு சொட்டு சிந்தினாலும் நான் குடிக்கிறேன்."

"நீ எதைக் குடிப்பன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

ஸ்பேனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. சில பேருக்கு வேகம் ஒத்துக்காது. உடம்பு விறைச்சுக்கும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சா கை ஆடும், கை ஆடினா வண்டி ஆடற மாதிரியே இருக்கும்," என்றான்.

"சீட்டு ஆடுதுன்னு சொன்னேன். ஸ்டியரிங் ஆடுதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

ஸ்பேனர் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பினான். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டான். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட் ஆடினால் பின்பக்கம். அவன் தொழிலில் அரிச்சுவடி. இத்தனை நாள் பெரும்பாலும் முன்சக்கரத்தையே தடவிக்கொண்டிருந்திருக்கிறான்.

கடை வாசலில் வண்டி நின்றதும் அண்ணன் கையை நீட்டினான். "குடு."

"சாவி அவர்கிட்ட இருக்கு. என்னை ஏன் கேக்கிற?"

"உன் சாவியைக் கேக்கறேன். இடுப்புல சொருகி வச்சிருக்கியே, அது."

கல் இறக்குகிறவர்கள் இருவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "நீங்க இறக்குங்கப்பா, இது நாடகக் கொட்டகை இல்ல," என்றான் அண்ணன்.

"அண்ணே, இந்த அம்மா சாவியைக் குடுக்கறதை நாங்க பாத்ததே இல்ல. அதான்," என்றான் அவர்களில் ஒருவன்.

அவள் உடனே கொடுக்கவில்லை. அடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியின் பின்சக்கரத்தை. கல் ஒவ்வொரு வரிசையாக இறங்க இறங்க, வண்டியின் பின்பாகம் மேலே எழும்பிக்கொண்டே போனது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே முதலில் கைவிரல் நுழைகிற இடைவெளி, பிறகு உள்ளங்கை, கடைசி வரிசையும் இறங்கியபோது முழு முழங்கையே நுழைகிற அளவு. வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கோழிபோல் நின்றது வண்டி. முன்பெல்லாம் இப்படி நிற்காது.

தினமும் கல் இறங்கும் நேரத்தில் அவள் கடைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு முகம் கழுவுகிற நிலையில் இல்லை.

அவன் ஓட்டும்போதெல்லாம் கல் இருக்கிறது. நான் நெடுஞ்சாலையில் ஓட்டும்போதெல்லாம் கல் இல்லை. எத்தனை சண்டை போட்டாயிற்று. நீ ஓட்டினால், நான் ஓட்டினால் என்றே பேசிக்கொண்டிருந்தோமே தவிர, பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்பேனரைப் பார்த்தாள். அவனும் அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று பீடியைத் தேடுகிறவன்போல் சட்டைப் பையைத் தடவினான்.

அவள் சாவியை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா."

அவன் எதிர்பார்க்கவில்லை. "அட! இவ்வளவு சுலபமா?"

"சொன்னா சொன்னதுதான். இப்ப பட்டறைக்கு ஓட்டு."

"யாரு?"

"நீதான். எனக்குத்தான் கை நடுங்குதே. நான் எப்படி ஓட்டறது?"

"இன்னிக்கு மட்டும் நீ ஓட்டிட்டுப் போ. நாளைக்கு ஹாரன் வந்துருவான்."

"சாவி உன்கிட்ட இருக்கு. நான் தொட மாட்டேன்."

"கடையை யாரு பாக்கறது?"

"பூட்டு. இல்லைன்னா வண்டி இங்கேயே நிக்கட்டும். நாளைக்குக் காலையில பட்டறையிலேர்ந்து கல்லைத் தலையில தூக்கிட்டு வா."

"மாப்ள, நீ ஓட்டேன்."

"எனக்கு முதுகு வலி," என்றான் ஸ்பேனர். திடீரென்று வந்த வலி.

கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் ஏறினான். இந்த வண்டியை இந்தத் திசையில் அவன் ஓட்டிக் கனகாலம் ஆகிறது.

நெடுஞ்சாலையில் எழுபதில் போனான். பின்னால் வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது. அடுத்து ஒரு பஸ். அடுத்து, முட்டைத் தட்டுகளை ஏற்றியிருந்த ஒரு சின்ன வேன்.

"முட்டை வண்டிகூட நம்மள முந்துது," என்றாள் தங்கை.

"என்ன அவசரம் இப்ப?"

"அவசரம் ஒண்ணுமில்ல. சில பேருக்கு வேகம் ஒத்துக்காது. உடம்பு விறைச்சுக்கும்னு அண்ணன்தான் சொன்னாரு." தலையைச் சாய்த்து ஸ்பேனரைக் காட்டினாள்.

"என்னை ஏன்மா இழுக்கற?"

"ஆம்பளப் பையன் பயமில்லாம ஓட்டுவான்னியே. நீ பையன் இல்லையா?"

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறைத் தொட்டதும் முதலில் ஒரு முனகல் கேட்டது, தரைக்கு அடியில் யாரோ வாயை மூடிக்கொண்டு பேசுவதுபோல. பிறகு சீட் நடுங்கத் தொடங்கியது. கதவுப் பையிலிருந்த பாட்டில் தடதடவென்று அடித்துக்கொண்டது. உள் கண்ணாடியில் பின்னால் வந்த வண்டி ஒன்று இரண்டாகி, இரண்டும் கலங்கிப் போனது.

"ஆடுதா?" என்றாள்.

"ரோடு சரியில்ல."

"காலையில இதே ரோடுதானே?"

"அது அந்தப் பக்கத்து ரோடு. இது இந்தப் பக்கத்து ரோடு."

"ரெண்டையும் வேற வேற ஆளா போட்டாங்க?"

"வாயை மூடு. ஓட்டவிடு."

"கை நடுங்குதே உனக்கு."

ஸ்பேனர் பொறுக்கமாட்டாமல் குனிந்தான். தொழில்காரன் காது, அதற்கு நண்பன் எதிரி தெரியாது. "ஸ்டியரிங் எப்படி இருக்கு மாப்ள?"

"சும்மாத்தான் இருக்கு. உட்கார்ற இடம்தான்…" பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பிரேக்கை லேசாத் தொடு. கூடுதா?"

"இல்ல."

"நியூட்ரல்ல தள்ளு. அப்படியே உருளவிடு."

இன்ஜின் சத்தம் அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை. வேகம் குறையக் குறைய, எண்பதுக்குக் கீழே வந்ததும் தானாக நின்றது.

"அப்ப இன்ஜின் இல்ல. ஷாஃப்ட்டுதான்," என்றான் ஸ்பேனர். "ஓரங்கட்டு."

சாலையோரத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினான். ஸ்பேனர் அட்டை ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். வெளியே அவனுடைய செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. அண்ணனும் சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, பின்னால் வந்து நின்றான்.

நீண்ட நேரம் கழித்துக் கால்கள் பேசின. "மாப்ள."

"என்ன?"

"அந்தப் பட்டை."

"எந்தப் பட்டை?" என்றாள் தங்கை.

அண்ணன் செருப்பால் அந்தக் காலைத் தட்டினான். "வெளிய வா, போலாம்."

"எந்தப் பட்டைன்னு கேக்கறேன்."

ஸ்பேனர் வெளியே வந்தான். தலைமுடியில் மண். "பின்னாடி ஸ்பிரிங் இருக்கில்ல, தங்கச்சி? அடுக்கடுக்கா இரும்புப் பட்டை. அதுல கூட ஒரு பட்டை சேர்த்திருக்கு. லோடு ஏத்தினா சரியா உட்காரும். காலியா இருந்தா பின்பக்கம் தூக்கிக்கும். தூக்கினா ஷாஃப்ட்டு கோணலா நின்னு சுத்தும். மெதுவாப் போனா தெரியாது. தொண்ணூறுல போனா உதறும்."

"யாரு சேர்த்தது?"

ஸ்பேனர் முடியிலிருந்த மண்ணைத் தட்டினான். பஸ் ஒன்று காற்றடித்துக்கொண்டு போனது.

"நான்தான் போட்டேன்," என்றான் ஸ்பேனர். "அண்ணன் போடச் சொன்னான்."

"நீ போட்டதாலதானே ஆடுது! போடறவன் சரியாப் போட வேண்டாமா?" என்று பாய்ந்தான் அண்ணன்.

"சரியாப் போடணும்னா கோணத்தைச் சரிக்கட்ட அச்சுக்கு மேல ஆப்பு வைக்கணும்னு சொன்னேனா இல்லையா? 'அதெல்லாம் வேணாம், சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும், அவ காய்ச்சல் தெளிஞ்சு எழுந்துக்கறதுக்குள்ள முடிச்சிடு'ன்னு நின்னது யாரு?"

"ஆப்பெல்லாம் எனக்கு எதுக்கு வைக்கிற?"

"உனக்கு இல்ல, வண்டிக்கு."

"கல்லு எத்தனை வரிசை ஏத்தணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வச்சதுதானே?" என்றாள் தங்கை. குரல் ஏறவில்லை, அதுதான் மோசம். "அதுக்கு மேல ஏத்தினா வண்டி தாங்காதுன்னு நான் சொன்னேன். நீயும் தலையாட்டின. அப்புறம் கூடுதலா ஏத்திட்டு, 'தாங்குதே பாரு'ன்ன. நான் படுத்துக் கிடந்த நேரமாப் பாத்துப் பட்டையைப் போட்டுட்டு, ஆட்டம் வந்ததும் எனக்கே கை நடுங்குதுன்னு ஊரெல்லாம் சொன்னியா?"

"பட்டைதான் காரணம்னு எனக்குக் கனவா வந்துச்சு?"

"உங்களுக்கு?" என்று ஸ்பேனர் பக்கம் திரும்பினாள். "போட்ட கைக்கு மறந்து போச்சா?"

"சத்தியமா நினைப்பு வரல தங்கச்சி. எப்பவும் லோடோடதானே பாத்தேன். கல்லு இறங்கறப்ப இன்னிக்குத்தான்…"

"இன்னிக்குத் தெரிஞ்சப்பவாவது வாயைத் திறந்தீங்களா? பீடி தேடினீங்க."

ஸ்பேனர் அட்டையை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான்.

"சரி, கழட்டிடுங்க," என்றாள்.

"கழட்டக் கூடாது," என்றான் அண்ணன். "வேணும்னா அந்த ஆப்பை வச்சுத் தொலை. வரிசை குறையக் கூடாது. எப்படியும் நாளையிலேர்ந்து உனக்கென்ன வந்துச்சு? ஹாரன் ஓட்டப் போறான்."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "ஆட்டம் வண்டியிலதான்னு இப்ப தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சா என்ன? வண்டியைச் சரி பண்ணிக்கலாம். உங்க அண்ணிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். அவன் சும்மா உட்கார்ந்திருக்கான், வீட்டுல தினம் இதே பேச்சு. நீ பட்டறையைப் பாரு. தண்ணி ஊத்த ஆள் பத்தலை."

"அப்ப இத்தனை நாளா நீ ஆட்டத்தைப் பத்திப் பேசவே இல்ல."

அவன் சாலையைப் பார்த்தான்.

அவள் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுகிற சீட்டில் ஏறினாள். சாவி அதிலேயே தொங்கியது. "அண்ணே, ஏறுங்க," என்றாள் ஸ்பேனரிடம். ஸ்பேனர் அண்ணனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முதுகு வலியெல்லாம் மறந்து தாவி ஏறினான். கதவுகளின் பூட்டு இரண்டும் டக்கென்று விழுந்தன.

அண்ணன் கண்ணாடியைத் தட்டினான். "ஏய்! திற! விளையாடறியா?"

அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "இடம் பின்னாடி இருக்கு."

"நான் என்ன மூட்டையா?"

"இல்லைன்னா பஸ்ஸுக்கு நில்லு. இங்க எந்த பஸ்ஸும் நிக்காது."

இன்ஜின் உறுமியது. அவன் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஏறிக் குந்தினான். கல் துகள் வேட்டியில் ஒட்டியது.

எழுபது. எண்பது.

"மெதுவாப் போகலாமே தங்கச்சி," என்றான் ஸ்பேனர்.

"கல்லு இருந்தா ஆடாதுன்னு சொன்னீங்களே. ஒரு ஆள் எடை பத்துமான்னு பாக்கலாம்."

தொண்ணூறு. முனகல் வந்தது. சீட் நடுங்கியது. அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படி இருந்ததோ, கேபின் கூரையில் தடதடவென்று அடி விழுந்தது. பின் கண்ணாடியில் அவன் முகம், பல் கிட்டிப்போய்.

"பத்தலை போல," என்றாள்.

"தட்டறான்மா. நிறுத்து."

அவள் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். "என்னண்ணே?" என்று கத்தினாள். "ஆடுதா?"

"ஆடுது! ஆடுதுடி!"

"நான் ஓட்டறதால ஆடுதா?"

"யார் ஓட்டினாலும் ஆடும்! குறை!"

"நாளைக்கு யாரு ஓட்டறது?"

கூரையில் மறுபடி அடி விழுந்தது. அவள் காலை எடுக்கவில்லை. தொண்ணூற்றைந்து. ஸ்பேனர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான். பாட்டில் கதவுப் பையிலிருந்து துள்ளி விழுந்து அவன் காலடியில் உருண்டது.

"நாளைக்கு யாருன்னு கேட்டேன்!"

"நீயே ஓட்டித் தொலை!"

"அண்ணி?"

"அவளுக்கு நான் சொல்லிக்கறேன்! குறைடி!"

அவள் காலை எடுத்தாள். எண்பதுக்குக் கீழே வந்ததும் தரைக்கடியில் பேசிக்கொண்டிருந்தது வாயை மூடிக்கொண்டது. பின்னாலிருந்து திட்டு மட்டும் தொடர்ந்தது. காற்றில் பாதிதான் கேட்டது.

ஸ்பேனர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பட்டறை வாசல் தெரிந்தபோது அவள் பக்கம் திரும்பினான்.

"பட்டையை எப்ப கழட்டட்டும், தங்கச்சி?"

"இப்பவே," என்றாள் அவள், திருப்பத்துக்குக் கையைக் காட்டியபடி. "அவன் இறங்கி வேட்டியை உதறறதுக்குள்ள."